ஒரு விலா எலும்பு அதிகம்

தம்பி தங்கச்சிமாரே,

என்னை இங்கே பேச அழைத்தவர்கள், "உங்கள் சேவைக் காலத்தில் நீங்கள் பிழைக்க வைத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். டொக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எவரிடமும் அப்படிப்பட்ட கதைகளுக்குக் குறைவிருக்காது. இந்தத் தொழிலுக்குப் போனதும் அவற்றை நீங்களும் சேர்த்துக்கொள்வீர்கள். தேவைக்கு மேலாகவே திரும்பத் திரும்பச் சொல்லவும் செய்வீர்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு, நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் குடும்பத்தை ஆறு வாரம் அலைக்கழித்த பிழை அது. இத்தனை பேருக்கு முன்னால் அதை நான் சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எங்கே சொன்னேன் என்பதும் இந்தக் கதையில் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்ப் படித்து முடித்து, புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெரிய டொக்டர் மாதத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் அட்டைக்கடிக்கும் அங்கே நான்தான். அந்த வயதில், ஒரு மலை முழுக்க "ஐயா" என்று கூப்பிட்டால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். எனக்கும் கனத்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கம்மா வந்தாள். கொழுந்து பறிப்பவள்; இருபத்து நான்கு வயதிருக்கும். வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெந்து கொப்பளித்திருந்தன. முதல்நாள் மாலை ரொட்டி சுடும்போது சூடான சட்டியில் விரல்கள் பட்டிருக்கின்றன. பட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"தீஞ்ச வாடை வந்துச்சுங்க. ரொட்டிதான் கருகுதுன்னு நெனச்சேன். பாத்தா என்னோட வெரலுங்க," என்றாள்.

ஒரு ஊசியை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி விரல்களில் குத்திப் பார்த்தேன். அந்த இரண்டு விரல்களிலும் உணர்வு இல்லை. இரண்டும் சற்று உள்நோக்கி வளையத் தொடங்கியிருந்தன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை வற்றி, அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. படிக்கும் காலத்தில் எங்களை ஒரு நாள் தொழுநோயாளர் விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். அரைநாள்தான் அங்கே நின்றோம். அங்கே பார்த்த கைகளைப் போலவே இருந்தது இந்தக் கை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் அது. எதிரே உட்கார்ந்திருந்தவளை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். "ஐயா, இந்தக் கை இன்னைக்கி நேத்து இல்லீங்க. கூடை சொமந்தா கழுத்துல இருந்து சுருக்குன்னு இழுத்துக்கிட்டு வருதுங்க. அப்பறம் கை வெளுத்து..."

"நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எத்தினை மாசமா மரத்துக் கிடக்கு?"

"எட்டு மாசம் இருக்குங்க. ஆனா ஐயா, காலையில எந்திரிச்சா..."

"உன்ர வீட்டில வேற ஆருக்கும் இப்பிடி இருக்கோ?"

"இல்லீங்க."

எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதிக்கொண்டே, மருந்து கட்டுகிற ஆளிடம் திரும்பி, "குஷ்டமா இருக்கலாம். தனியா வைக்கவேணும்," என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. அந்த அறைக்கும் வெளியே ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்த வாங்குக்கும் நடுவே இருந்தது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

நான் சொன்னது "இருக்கலாம்". மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் அந்தச் சொல் உதிர்ந்துபோய், மற்றச் சொல் மட்டும் மலை முழுக்கப் பரவிவிட்டது.

அன்றைக்குப் பின்னேரமே அங்கம்மாவைத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தின் கீழ் எல்லையில், ஓடைக்கருகே, உரமூட்டை அடுக்கிவைக்கும் பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அவளுக்கு அதுதான் இடம். அவளுக்கு ஒன்றரை வயதில் செல்லம்மா என்று ஒரு பெண் குழந்தை. இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. புருஷனின் அக்கா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கம்மா படித்துறைப் பக்கம் வரக்கூடாது, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூடாது என்று கங்காணி கட்டளை போட்டார். அவளுடைய கூடையை யாரோ எரித்துவிட்டார்கள்.

பெரிய டொக்டர் அடுத்த வாரம் வந்தார். கொட்டகை வாசலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். என் அறிக்கையை வாசித்தார். கையைத் தூரத்திலிருந்து நீட்டிக் காட்டச் சொன்னார். "சரி, கண்டிக்கு அனுப்பும். அங்கே பதிந்து கொழும்புப் பக்கம் அனுப்பிவைப்பார்கள்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் உறுதியாக எழுதியிருந்தேன். அவர் என்னை நம்பினார். கொழும்புப் பக்கம் என்றால் அந்த விடுதிதான். அங்கே போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். அது எனக்கும் தெரியும், அங்கம்மாவுக்கும் தெரியும்.

அவள் புருஷன் பெயர் கறுப்பையா. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். லயத்தில் இருக்கலாம் என்று அவனிடம் சொல்லியும், அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். டொக்டர் வந்துபோன மறுநாள் டிஸ்பென்சரிக்கு வந்து, எல்லோரும் போகும்வரை வாசலில் நின்றான்.

"ஐயா, ஒரு சங்கதி கேக்கணும். அந்த வியாதி ஓய்வெடுத்தா கொறையுமுங்களா?"

"ஏன் கேக்கிறாய்?"

"கூடை தூக்காம இருக்கிற இந்தப் பத்து நாளா அவளுக்குக் கைவலி இல்லீங்க. கை சூடா இருக்கு. முந்தியெல்லாம் வெறகு சொமந்துட்டு வந்தா செத்த பொணம் கை மாதிரி சில்லுன்னு கெடக்கும். அதான் கேட்டேன்."

விரல் மரத்துப்போகும் அந்த வியாதி, சுமை இறக்கி வைத்தால் இலேசாகும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

அதுவரை புண்ணுக்கு மருந்து கட்டக் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம், கட்டுகிற ஆளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்பேன். அன்றைக்கு உள்ளே போனேன். அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஊசியோடு விரலிலிருந்து மேல்நோக்கிப் போனேன். அந்த வியாதி என்றால் மரத்துப்போன இடம் மணிக்கட்டோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்கையின் உட்பக்கமாக முழங்கைவரை ஏறிப் போயிருந்தது. முழங்கைக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று கையை உதறவைக்கும் நரம்பு இருக்கிறதே, அதை விரலால் உருட்டிப் பார்த்தேன். அந்த வியாதியில் அது கயிறுபோல் தடித்திருக்கும். இவளுக்கு மெல்லியதாக, மற்றக் கையில் இருப்பதைப் போலவே இருந்தது. உடம்பில் எங்காவது நிறம் மாறிய தேமல் உண்டா என்று தோட்டத்து மருத்துவச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை.

பத்து நாட்களுக்கு முன்பு, அந்தத் திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

இனி என்ன செய்வது? இங்கேதான், பிள்ளைகளே, பிழைவிடுவதைவிடக் கடினமான இடம் வருகிறது. என் அறிக்கை பிழை என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சரியானது எது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு ஏதோ நடந்திருக்கிறது. அதன் பெயர் என்னிடம் இல்லை. பெயர் இல்லாத ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு, பெரிய டொக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எதிர்க்க வேண்டும். பேசாமல் கண்டிக்கு அனுப்பிவிடு, அங்கே உள்ளவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. அது மிக நியாயமான குரலாகவும் கேட்டது. உங்களுக்கும் ஒருநாள் கேட்கும்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போனேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு லயத்து ஆட்கள் பயத்தில் வேறு தோட்டத்துக்குப் போகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அந்தக் கவலை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "முதலில் சொன்னது உண்மையா, இப்போது சொல்வது உண்மையா?"

"முதலில் பார்க்காமல் சொன்னேன், சேர். இப்போது பார்த்திருக்கிறேன். ஆனால் என்ன நோய் என்று தெரியவில்லை."

"தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு என்னை என்ன செய்யச் சொல்கிறீர்?"

"கண்டிக்கு அவளோடு நானும் போகிறேன். அதற்கு மட்டும் அனுமதி தாருங்கள்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "போம். ஆனால் அங்கே உள்ளவர்கள் உம்முடைய முதல் அறிக்கைதான் சரி என்று சொன்னால், மூன்றாவது கதையோடு இங்கே வராதீர்," என்றார். வேலை போய்விடும் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

புசல்லாவைச் சந்தியில் அங்கம்மாவும் கறுப்பையாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். எங்களுக்கு முன்பே செய்தி அங்கே வந்திருந்தது. கட்டுப்போட்ட விரல்களைக் கண்டதும் வாசலோரம் இருந்த இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டி, "அடுத்த பஸ்ஸுல வாங்க," என்றான். கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டான். அந்த பஸ்ஸின் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். பஸ்ஸை ஓட்டுவதும் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவர் ஆசனத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"அப்போதிக்கரியார், நீங்களும் வாறீங்களா?"

"ஓம் நானா, நானும்தான்."

"அவ பக்கத்துலயா ஈப்பீங்க?"

அந்த நாள்வரை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. "ஓம், பக்கத்திலதான் இருப்பன்," என்றேன்.

"அப்ப ஏறுங்க. எனக்குப் பின்னுக்கு ஈக்கிற சீட்டுல குந்துங்க. பயப்புடுற ஆளு எறங்கி நடந்து வரட்டும்."

ஒருவரும் இறங்கவில்லை. சன்னலோரம் அங்கம்மா, அவளுக்கு அடுத்து நான், எங்களுக்குப் பின்னால் கறுப்பையா. கம்பளைக்கு இறங்கும் அந்தப் பாதையின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். இடது கையால் துணி மூட்டையை அணைத்துக்கொண்டு, வலக்கையை உயர்த்தி மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து வளைவு தாண்டியிருக்காது. அவளுடைய விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டன.

"பாருங்கய்யா. இதத்தான் அன்னைக்கி சொல்ல வந்தேன்," என்றாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தேன், இல்லவே இல்லை. "கையைக் கீழ விடு பிள்ளை," என்றேன். கீழே விட்டதும் நாடி மெல்ல வந்தது. திரும்ப உயர்த்தச் சொன்னேன். போய்விட்டது. கீழே விட்டாள். வந்தது. பின்னாலிருந்து கறுப்பையா, "என்னங்கய்யா, என்னாச்சு?" என்று பதறினான். "ஒண்டும் இல்லை, இரு, நல்ல செய்திதான்," என்று சொன்னேன். கைக்குப் போகிற இரத்தத்தை எங்கோ எதுவோ நெரிக்கிறது. எந்த இடத்தில், எது நெரிக்கிறது என்று தெரியாது. ஆனால் தொழுநோய் இப்படி நாடியை நிறுத்தாது.

கண்டி ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருந்தவர் நகரத்துத் தமிழர், நேர்த்தியான மனுஷர். எங்கள் காகிதத்தைப் பார்த்ததும், வழக்கமான பதிவுப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து வேறொரு புத்தகத்தை எடுத்தார். அது தொழுநோயாளர் புத்தகம்; அதில் பெயர் ஏறினால் நேரே அந்த விடுதிதான். பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டு, "பேர் சொல்லுங்க," என்றார்.

"ஒரு நிமிஷம் பொறுங்கோ. அதில எழுதவேண்டாம்."

"காகிதத்துல தெளிவா இருக்கே. தோட்டத்து அப்போதிக்கரி எழுதி, டொக்டரும் கையெழுத்து வச்சிருக்காங்க."

"ஓம். அந்த அப்போதிக்கரி நான்தான். பிழையா எழுதிப்போட்டன்."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். "அப்ப நான் என்னதான் எழுதுறதுங்க?" என்றார்.

"சேர்ஜன் பார்க்கட்டும். அவர் சொல்லுறதை எழுதுங்கோ. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்தப் புத்தகத்தை மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பன்னெண்டு மணிக்கு அந்த வழியாத்தான் வருவாரு. புடிச்சுக்குங்க," என்றார்.

சத்திரசிகிச்சை முடித்துக் களைத்துப்போய் வந்துகொண்டிருந்த சேர்ஜனை நடைபாதையில் குறுக்கே நின்று மறித்தேன். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். பஸ்ஸில் நாடி மறைந்ததைச் சொன்னேன். அது காதில் விழுந்ததும் நடையை நிறுத்தினார். அங்கம்மாவை ஒரு கதிரையில் உட்காரவைத்து, அவளுக்குப் பின்னால் போய் நின்றார். காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்தார். அவர் கண்கள் மூடியிருந்தன. பிறகு என் சுட்டுவிரலைப் பிடித்து, வலப்பக்கத்தில் அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

மெத்தென்று இருக்கவேண்டிய பள்ளத்தில் எலும்பு தட்டுப்பட்டது. அந்த எலும்பின்மேல் ஓர் இரத்தக்குழாய் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு பக்கத்துக்கு எத்தனை விலா எலும்பு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பன்னிரண்டு, சேர்."

"இந்தப் பக்கம் பதின்மூன்று."

நீங்கள் படித்ததுதான். முதுகெலும்பில் மார்புக்கு உரிய முள்ளெலும்புகளிலிருந்துதான் விலா புறப்படும். கழுத்துக்கு உரியவற்றில் விலா கிடையாது. ஆனால் எப்போதாவது ஒருவருக்குக் கழுத்தின் கடைசி முள்ளெலும்பு தன் பங்குக்கு ஒரு சிறு விலாவை வெளியே நீட்டிவிடும். பலருக்கு ஆயுள் முழுக்க அது இருப்பதே தெரியாது. கைக்குப் போகும் நரம்பும் இரத்தக்குழாயும் முதல் விலாவின் மேல் ஏறி இறங்கித்தான் போகின்றன. கிணற்றுக் கயிறு கப்பியைத் தாண்டிப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கம்மாவுக்கு அந்தக் கயிறு, இருக்கக்கூடாத இன்னோர் எலும்பின் முனையையும் தாண்ட வேண்டியிருந்தது. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை, தோளில் விறகு, இடுப்பில் தண்ணீர்க் குடம். ஒவ்வொரு சுமையும் தோளைக் கீழே இழுக்க இழுக்க, நரம்பு அந்த முனையில் உராய்ந்து தேய்ந்திருக்கிறது. இதையெல்லாம் அவள் தன் மொழியில், "கழுத்துல இருந்து இழுக்குது, கை வெளுக்குது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

எக்ஸ்ரே படம் இரண்டு நாளில் வந்தது. வலப்பக்கம், கழுத்தின் அடியில், ஒரு விரல் நீளத்துக்குக்கூட இல்லாத எலும்பு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கறுப்பையாவுக்குக் காட்டினேன். "இத்தனூண்டுக்கா ஐயா?" என்று மட்டும் கேட்டான்.

என் பழைய அறிக்கையை சேர்ஜனிடம் நீட்டி, கிழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "கிழிக்காதீர். கிழித்தால் உம்முடைய பிழை மட்டும்தான் மறையும். அவளுக்கு அந்த வியாதி இல்லை என்று யார் சொல்வது? இதிலேயே, உம் கையால், பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்." எழுதினேன். அதற்குக் கீழே அவர் எழுதினார். பதிவு மேசைக்காரர் அதை வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு, அந்த மற்றப் புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

சேர்ஜன் அந்த எலும்பை எடுத்தார். அதற்கு முன்பு அங்கம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெட்டுனதுக்கு அப்பறம் புள்ளைய இந்தக் கையால தூக்கலாமுங்களா?" தூக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சேர்ஜன் என்னை முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "இப்ப சொல்ல ஏலாது. பாப்பம்," என்றார். அவள் தலையாட்டினாள். தெரியாததைத் தெரியாது என்று ஒரு பெரிய மனுஷர் சொன்னது அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது போலத் தோன்றியது. மூன்று வாரம் அங்கே இருந்தாள். வலி முழுக்கப் போனது. கை சூடானது. மரத்த இடம் மெல்ல மெல்லச் சுருங்கியது. வற்றிய சதை மட்டும் பாதிதான் திரும்பியது.

அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று நான் லயத்துக்குப் போய், ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கங்காணியிடம் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "சரிங்கய்யா," என்றார். ஆனாலும் பீலியில் அங்கம்மா தண்ணீர் பிடிக்க வந்தபோது மற்றவர்கள் விலகி நின்றார்கள்.

மறுநாள் கறுப்பையா என்னிடம் வந்தான். அப்போதும் அவன் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, காகிதம் எங்க ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. அன்னைக்கி எந்த எடத்துல சொன்னீங்களோ, அதே எடத்துல, அதே சத்தத்துல சொல்லிருங்க."

அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருந்தேன். வாங்கு நிறைந்து ஆட்கள் படிவரை நின்றார்கள். இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எல்லாரும் கேளுங்கோ," என்று தொடங்கினேன். அங்கம்மாவுக்கு அந்த வியாதி இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, நான் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், பிழை என்னுடையது என்றேன். அவளுக்கு இருந்தது ஒரு விலா எலும்பு அதிகம் என்பதுதான், அதையும் எடுத்தாயிற்று என்றேன். எக்ஸ்ரே படத்தையும் தூக்கிக் காட்டினேன். முப்பது பேர் என்னையே பார்த்தார்கள். படிப்பில் முதலாவதாக வந்தவன் நான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒரு உதவிக்கும் வரவில்லை.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு வயதான பெண் கேட்டாள்: "அப்ப ஐயா, அந்த எலும்பு மத்தவங்களுக்குத் தொத்துமுங்களா?"

கறுப்பையா பின்னால் நின்றிருந்தான். முதலில் சிரித்தது அவன்தான். அவன் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பிறகு வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள், படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், கேட்ட பெண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு ஒரு எலும்பு கொறச்சலா இருக்கும்னு நெனைக்கிறேன், அவகிட்டருந்து வாங்கித் தாங்கய்யா," என்று ஒருவன் சொன்னான். அன்று பின்னேரம் பீலியில் யாரும் விலகவில்லை என்று மருத்துவச்சி வந்து சொன்னாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இந்த இடத்தில் முடித்தால் அது பொய்யாகிவிடும். அங்கம்மாவுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. ஆறு வாரம் அத்தையோடு இருந்த செல்லம்மா, தாயிடம் போகமாட்டேன் என்று அழுதாளாம். கையை நீட்டினால் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். எட்டு நாள் சென்றுதான் தாயின் பாயில் படுத்தாள். அந்த எட்டு நாட்களை எந்தக் காகிதத்தில் எழுதி, எதைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பது?

அங்கம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வழியில் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு டிஸ்பென்சரிக்கு வரவில்லை. காய்ச்சலானாலும், இருமலானாலும், மலையைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத்தான் போனாள். கறுப்பையா மட்டும் வருவான். நான் அவனிடம் காரணம் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத காரணமா?

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு மழைநாளில் இடுப்பில் செல்லம்மாவோடு அவள் வாசலில் நின்றாள். மற்றவர்கள் அவளுக்கு வாங்கில் இடம் விட்டார்கள். முறை வந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, நான் முழுசா சொல்லிர்றேன். அப்பறம் கேளுங்க."

"சொல்லு பிள்ளை."

சொல்லத் தொடங்கினாள். குழந்தைக்குப் பத்து நாளாகச் சளி. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. மழையில் லயத்துக் கூரை ஒழுகுகிறது, பாய் ஈரம். அவளுடைய சொந்த அக்காவின் புருஷன் நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்தார், அவருக்கும் சளி இருந்தது. குழந்தை சாப்பிடுகிறது, ஓடுகிறது, காய்ச்சல் இல்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். சளி மருந்தின் அளவு என் மனத்தில் தானாகவே வந்து நின்றது. வாயைத் திறக்கவில்லை. கூரையையும் பாயையும் அக்கா புருஷனையும் முழுக்கக் கேட்டேன்.

"ஒரு மூக்குலதாங்க வடியுது, ரெண்டுலயும் இல்ல. நாத்தமும் அந்த ஒரு மூக்குலதான். போன வாரத்துக்கு மொதவாரம் புளியங்கொட்டை வச்சு வெளையாடிக்கிட்டு இருந்தா. பத்துக் கொட்டை குடுத்தேன். எடுத்து வக்கிறப்ப ஒம்பதுதான் இருந்துச்சு. அந்தத் தோட்டத்து ஐயா இதச் சொல்ல எனக்கு நேரம் குடுக்கலீங்க."

குழந்தையின் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். மூக்குக்குள்ளே கறுப்பாக ஒன்று தெரிந்தது. வளைந்த கம்பியை எடுத்தேன். செல்லம்மா மலை அதிரக் கத்தினாள். காலால் என்னை உதைத்தாள். "தலை அசையாமப் பிடிக்கவேணும். ஆளைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன்.

"வேணாங்க. நானே புடிக்கிறேன்," என்றாள் அங்கம்மா. இடது கையால் குழந்தையின் இரண்டு கைகளையும் அணைத்துக்கொண்டு, வலக்கையை விரித்து அதன் நெற்றியில் வைத்து, தன் மார்போடு சேர்த்து அழுத்தினாள். நான் கொட்டையை வெளியே எடுக்கும்வரை அந்தத் தலை ஒரு இழைகூட அசையவில்லை.